துப்பாக்கியைச் சட்டத்தில் எழுதுவது எப்படி

அமெரிக்காவில் சில வகை செமி ஆட்டோமேட்டிக் ரைபிள்களுக்கு ஏற்கெனவே ஒரு தடை இருந்தது, அதுவும் முழுசாகப் பத்து வருடம் இருந்தது என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. "இருந்ததா? அப்புறம் யார் எடுத்தார்கள்?" என்று கேட்பார்கள். யாரும் எடுக்கவில்லை, தானாகவே காலாவதியானது. இந்தப் பதிலைக் கேட்டவருக்கு இன்னும் குழப்பம்தான் கூடும், அது நியாயமும்கூட. ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிடக்கூடிய விஷயம் இல்லை இது. இன்னொரு டீ சொல்லிவிட்டு உட்காருங்கள், அடியிலிருந்து வருவோம்.

முதலில் கருவியைப் புரிந்துகொள்வோம். நம் ஊர் போலீஸ்காரர்கள் தோளில் நெடுங்காலம் தொங்கிய 303 ரைபிளை நினைத்துக்கொள்ளுங்கள். விசையை அழுத்தினால் ஒரு குண்டு போகும். அடுத்ததைச் சுட வேண்டுமென்றால், பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட்டின் கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுக்க வேண்டும். காலித் தோட்டா வெளியே விழும். மறுபடி முன்னால் தள்ளிப் பூட்ட வேண்டும். பழகிய கைக்கு ஒன்றிரண்டு விநாடி வேலைதான். ஆனால் அந்த நேரம் விரல் விசையில் இருக்காது, துப்பாக்கியும் குறியிலிருந்து கொஞ்சம் அசைந்துவிடும்.

செமி ஆட்டோமேட்டிக்கில் இந்த வேலையைத் துப்பாக்கியே பார்த்துக்கொள்கிறது. பெரும்பாலான ரைபிள்களில், தோட்டா வெடிக்கும்போது பிறக்கும் வாயுவில் ஒரு சிறு பங்கு குழலில் உள்ள துளை வழியாகத் திரும்பி வந்து போல்ட்டைப் பின்னுக்குத் தள்ளும். காலிக் கூடு பக்கவாட்டில் தெறித்து விழும். சுருள்வில் போல்ட்டை மறுபடி முன்னால் கொண்டுவரும்போது, தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசினில் இருக்கும் அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறி உட்கார்ந்துவிடும். சுடுகிறவர் விரலைத் தளர்த்தி மறுபடி அழுத்தினால் போதும். ஓர் அழுத்தலுக்கு ஒரு குண்டு.

விரலை எடுக்காமலே சடசடவென்று சுட்டுக்கொண்டிருப்பது முழுத் தானியங்கி, அதாவது மெஷின்கன். அதற்கு அமெரிக்காவில் 1934இலேயே கடுமையான வரியும் பதிவும் வந்துவிட்டன. 1986க்குப் பிறகு புதிதாகச் செய்யப்பட்டதைப் பொதுமக்கள் வாங்கவே முடியாது. ஆகவே விவாதத்தில் யாராவது "மெஷின்கன்னைத் தடை செய்யுங்கள்" என்று பேச ஆரம்பித்தால், விவரம் தெரியாமல் பேசுகிறார் என்று எதிர்த்தரப்பு அவரை அங்கேயே உட்கார வைத்துவிடும். நல்ல மனது உள்ளவர்கள் பலர் இந்த இடத்தில்தான் தோற்கிறார்கள்.

சிக்கல் தொடங்குவதும் இங்கேதான். ஓர் அழுத்தலுக்கு ஒரு குண்டு என்ற இந்த அமைப்பு, மனிதர்கள்மேல் திருப்பப்பட்ட ரைபிள்களில் மட்டும் இல்லை. இன்று விற்கும் பெரும்பாலான பிஸ்டல்களில் இருக்கிறது. மான் வேட்டைக்குப் போகிறவரின் ரைபிளிலும், வாத்து சுடுகிறவரின் ஷாட்கன்னிலும் இருக்கலாம். அத்தனையையும் தடை செய்ய அமெரிக்காவில் எந்தச் சட்டமன்றமும் துணியாது. அப்படியென்றால் எதைத் தடை செய்கிறோம் என்று ஒரு கோடு போட்டாக வேண்டும். அந்தக் கோட்டை எங்கே போடுவது?

பேச்சின் நடுவில் எப்போதும் நிற்பது ஏஆர்-15. ஆர்மலைட் என்ற நிறுவனத்தில் யூஜின் ஸ்டோனர் 1950களில் வடிவமைத்தது. பெயரில் உள்ள 'ஏஆர்' அந்த நிறுவனத்தின் பெயரிலிருந்து வந்தது. 1959இல் உரிமையைக் கோல்ட் நிறுவனம் வாங்கியது. வியட்நாம் போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் தூக்கிய எம்16 இதன் ராணுவ வடிவம். 1960களின் நடுவில் செமி ஆட்டோமேட்டிக்காக மாற்றிப் பொதுமக்களுக்கு விற்கத் தொடங்கினார்கள். காப்புரிமை முடிந்த பிறகு பல நிறுவனங்களும் செய்ய ஆரம்பித்தன. எடை குறைவு, உதைப்பு குறைவு, பாகங்களை எளிதாகக் கழற்றி மாற்றலாம். வைத்திருப்பவர்கள் அதை விரும்புவதற்கான காரணங்கள் இவை. நேர்மையான காரணங்கள்தான்.

இந்த ரைபிளின் வழக்கமான தோட்டாவில் இருக்கும் குண்டு 4 கிராம்கூடத் தேறாது. 9 மில்லிமீட்டர் பிஸ்டல் குண்டின் எடையில் பாதிதான். ஆனால் அதைவிட இரண்டரை மடங்கு வேகத்தில், விநாடிக்கு 900 மீட்டருக்கு மேல் பாய்கிறது. வேகம் கூடினால் ஆற்றல் அதன் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். உடலுக்குள் போகும்போது அது தன் பாதையை மட்டும் துளைப்பதில்லை. சுற்றியுள்ள சதையை ஒரு கணம் பலூன் மாதிரி விரித்துக் கிழிக்கிறது. பிஸ்டல் குண்டு ஈரலைத் துளைத்தால் அறுவை மருத்துவர் தைப்பதற்கு அங்கே ஈரல் மிச்சம் இருக்கும். ரைபிள் குண்டு பட்ட ஈரலில் பல நேரம் தைப்பதற்கு எதுவும் இருக்காது. அவசர சிகிச்சைப் பிரிவுகளில் இருப்பவர்கள் இந்த விவாதத்தில் இவ்வளவு அழுத்தமாகப் பேசுவது இதைக் கண்ணால் பார்த்ததால்தான். மான் வேட்டை ரைபிள்களின் குண்டு இதைவிட வலுவானது என்று எதிர்த்தரப்பு சொல்லும். உண்மைதான். அந்த ரைபிளில் பொதுவாக நான்கைந்து தோட்டாக்கள் இருக்கும். இதில் சாதாரணமாக முப்பது.

இப்போது 1994க்கு வருவோம். 1989 ஜனவரியில் கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரில், தொடக்கப் பள்ளி விளையாட்டுத் திடலில் ஐந்து குழந்தைகள் ரைபிளால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கம்போடியாவிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் உயிர் தப்பி வந்த குடும்பங்களின் பிள்ளைகள். கலிபோர்னியா அந்த ஆண்டே மாநிலத் தடை கொண்டுவந்தது. 1993 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோ அலுவலகக் கட்டடம் ஒன்றில் எட்டுப் பேர் இறந்தார்கள். அதன் பிறகு கூட்டாட்சித் தடையைச் செனட்டில் கையிலெடுத்தவர் டயான் ஃபைன்ஸ்டைன். துப்பாக்கியைப் பற்றி அவர் இன்னும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஒரு செனட்டர் அவையிலேயே சொன்னார். அவருக்கு ஃபைன்ஸ்டைன் சொன்ன பதில் இன்றைக்கும் பேசப்படுகிறது. 1978இல் சான் பிரான்சிஸ்கோ நகர மண்டபத்தில் மேயரும் நகரசபை உறுப்பினர் ஹார்வி மில்க்கும் சுட்டுக் கொல்லப்பட்டபோது, மில்க்கின் உடலை முதலில் கண்டவர் அவர். நாடி பார்க்கப் போன விரல் குண்டுத் துளைக்குள் போனது. தான் மேயரானதே அந்தக் கொலையால்தான் என்றார்.

1994 செப்டம்பர் 13 அன்று கிளிண்டன் கையெழுத்திட்டார். சட்டம் 19 வகைகளைப் பெயர் சொல்லித் தடுத்தது. மற்றவற்றுக்கு ஓர் அளவுகோல் வைத்தது: கழற்றி மாட்டும் மேகசின் உள்ள செமி ஆட்டோமேட்டிக் ரைபிளில் பிஸ்டல் மாதிரிப் பிடி, மடக்கும் கட்டை, பயனெட் மாட்டும் கொக்கி, தீப்பிழம்பை மறைக்கும் முனை, கிரனேட் ஏவும் அமைப்பு ஆகிய ஐந்தில் இரண்டு இருந்தால் தடை. நெடுஞ்சாலையில் பறக்கும் பேருந்தை அடக்குகிறேன் என்று அதன் ஏர் ஹாரனையும் கலர் விளக்கையும் கழற்றச் சொன்ன கதைதான் இது. தயாரிப்பாளர்கள் பயனெட் கொக்கியை அறுத்தார்கள், முனையை மாற்றினார்கள், வேறு பெயர் வைத்து அதே ரைபிளை விற்றார்கள். எல்லாம் சட்டப்படி.

இன்னும் ஒரு விவரத்தைப் பாருங்கள். வேட்டைக்காரர்களைச் சமாதானப்படுத்த 650க்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை அதே சட்டம் பெயர் சொல்லி விலக்கியது. அந்தப் பட்டியலில் மடக்குக் கட்டை இல்லாத ரூகர் மினி-14 இருந்தது. மரக் கட்டை போட்ட, பண்ணை வீட்டுச் சுவரில் மாட்டினால் பொருந்துகிற தோற்றம். ஆனால் ஏஆர்-15 சுடுகிற அதே தோட்டாவைச் சுடும், அதே போலக் கழற்றி மாட்டும் மேகசின், அதே செமி ஆட்டோமேட்டிக் அமைப்பு. 2011 ஜூலை 22 அன்று நார்வேயின் உட்டோயா தீவில் இளைஞர் முகாமில் 69 பேரைக் கொன்றவன் கையில், ஒரு பிஸ்டலோடு இருந்த ரைபிள் இந்த மினி-14தான். தோற்றத்தை வைத்துக் கோடு போட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

அந்தச் சட்டத்தில் உருப்படியான ஒரு பகுதி இருந்தது: 10 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசினைப் புதிதாகச் செய்து விற்கத் தடை. அதிலும் ஓட்டை. ஏற்கெனவே செய்து வைத்ததை விற்கலாம், வாங்கலாம். நாட்டில் அவை கோடிக்கணக்கில் இருந்தன. ஏற்கெனவே வீட்டில் இருந்த ரைபிள்களையும் யாரும் கேட்கவில்லை. பத்தாண்டில் காலாவதி என்ற ஷரத்தோடுதான் சட்டமே நிறைவேறியது. 2004 மார்ச்சில் அதை நீட்டிக்கச் செனட் 52க்கு 47 என்று வாக்களித்தது. ஆனால் அந்த நீட்டிப்பு ஒட்டிக்கொண்டிருந்த மசோதாவே பிறகு தோற்றது. செப்டம்பர் 13 வந்தது, தடை போனது.

பயன் இருந்ததா என்று ஆராய்ந்தவர்களில் கிறிஸ்டோபர் கோப்பர் முக்கியமானவர். தடைக்கு முன்பே துப்பாக்கிக் குற்றங்களில் இந்த வகை ஆயுதங்களின் பங்கு 2 முதல் 8 சதவீதம்தான் என்றும், தடையால் மொத்தத் துப்பாக்கி வன்முறை குறைந்தது என்று தெளிவாகச் சொல்ல முடியாது என்றும் எழுதினார். பழைய மேகசின்கள் அவ்வளவு இருந்ததால் பலன் தெரியக் காலம் பிடிக்கும் என்பதையும் சேர்த்தே சொன்னார். இரண்டு தரப்பும் அவரைப் பாதி மட்டும் மேற்கோள் காட்டுகின்றன.

எதிர்ப்பவர்களின் வாதத்தை அதன் முழு வலுவோடு கேட்க வேண்டும். எஃப்.பி.ஐ. கணக்கின்படி 2019இல் துப்பாக்கியால் நடந்த கொலைகள் 10,258. அதில் எல்லா வகை ரைபிளும் சேர்ந்து 364. கத்தியால் நடந்தவை 1,476. பெரும்பங்கு பிஸ்டல்தான். 3,000க்கும் மேற்பட்ட கொலைகளில் எந்தத் துப்பாக்கி என்றே பதிவாகவில்லை, அதைச் சேர்த்துப் பார்த்தாலும் படம் பெரிதாக மாறாது. ஆண்டுதோறும் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை, அங்கேயும் ரைபிள் முன்னால் நிற்பதில்லை. 2007இல் வர்ஜீனியா டெக்கில் 32 பேரைக் கொன்றவன் இரண்டு பிஸ்டல்களை மட்டுமே வைத்திருந்தான். இந்த ரைபிளை வைத்திருக்கும் பல லட்சம் பேர் யாரையும் சுட்டதில்லை. இவை எல்லாம் உண்மை. ரைபிளைத் தடுத்தால் அமெரிக்காவின் துப்பாக்கிச் சாவுகள் பாதியாகும் என்று யாராவது சொன்னால் அதை நான் ஏற்க மாட்டேன்.

ஆனால் கேள்வி அது இல்லை. ஒரு தனி ஆள் ஒரு வகுப்பறைக்குள் நுழைந்து, போலீஸ் வருவதற்குள் எத்தனை பேரைக் கொல்ல முடியும் என்பதுதான் கேள்வி. 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் இறந்தார்கள். ஐந்து நிமிடத்துக்குள் 154 குண்டுகள். சாகிற எண்ணிக்கையைத் தீர்மானிப்பது குண்டுகளுக்கு நடுவே விழும் இடைவெளி. அந்த இடைவெளியில்தான் பிள்ளைகள் ஓடுகிறார்கள், யாராவது பாய்ந்து பிடிக்கிறார்கள்.

2011 ஜனவரியில் அரிசோனாவின் டூசான் நகரில் நடந்ததைப் பாருங்கள். நாடாளுமன்ற உறுப்பினர் காப்ரியல் கிஃபர்ட்ஸ் ஒரு கடை வாசலில் மக்களைச் சந்தித்துக்கொண்டிருந்தார். வந்தவன் கையில் பிஸ்டல்தான். ஆனால் மேகசினில் 33 தோட்டாக்கள், 1994 முதல் 2004 வரை புதிதாகச் செய்து விற்க முடியாத வகை. அது காலியாகி அடுத்த மேகசினை மாற்ற முயன்றபோதுதான் ஒரு பெண்மணி அதைப் பறித்தார், மற்றவர்கள் அவனை அமுக்கினார்கள். அதற்குள் ஆறு பேர் போய்விட்டார்கள். 2013இல் கிஃபர்ட்ஸின் கணவர் மார்க் கெல்லி செனட் குழு முன்னால் சாட்சி சொன்னார். முதல் குண்டு தன் மனைவியின் தலையில் பாய்ந்தது, பதின்மூன்றாவது குண்டு ஒன்பது வயதுச் சிறுமிமேல் பாய்ந்தது என்றார். மேகசினில் பத்துத் தோட்டா மட்டும் இருந்திருந்தால் அந்தப் பிள்ளை இன்று உயிரோடு இருக்கும் என்றார். அந்தக் கணக்கை மறுத்து நான் கேட்ட எந்த வாதமும் எனக்கு நிறைவளிக்கவில்லை.

எனவே என் கட்சி இது: பிடியையும் கட்டையையும் விட்டுவிட்டு, அமைப்பையும் மேகசினின் கொள்ளளவையும் சட்டத்தில் எழுத வேண்டும். ஏற்கெனவே வீடுகளில் இருப்பதைப் பணம் கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டும். இதைச் செய்தவர்கள் இருக்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவின் கதை பலருக்குத் தெரியும். 1996 ஏப்ரலில் டாஸ்மேனியாவின் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்டார்கள். பதவிக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகாத பிரதமர் ஜான் ஹோவர்ட், பழமைவாதி, கிராமப்புற வாக்குகளை நம்பி நின்றவர். பன்னிரண்டே நாளில் எல்லா மாநிலங்களையும் தடைக்கு ஒப்புக்கொள்ள வைத்தார். வருமானத்தின் மீது சிறு வரி போட்டு ஏறத்தாழ 6.5 லட்சம் துப்பாக்கிகள் வாங்கி அழிக்கப்பட்டன. அதற்கு முந்தைய 18 ஆண்டுகளில் ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் கொல்லப்பட்ட 13 துப்பாக்கிச்சூடுகள் நடந்த நாட்டில், 2018 வரை அப்படி ஒன்றுகூட நடக்கவில்லை. மற்றக் கொலைகள் முன்பே குறைந்துகொண்டுதான் வந்தன, அதில் இந்தச் சட்டத்துக்கு எவ்வளவு பங்கு என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

நியூசிலாந்து இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டிய இடம், ஏனென்றால் அவர்கள் முதலில் அமெரிக்கா போலவே செய்தார்கள். 1990இல் அராமோனா என்ற கடலோரச் சிற்றூரில் 13 பேர் கொல்லப்பட்டார்கள். 1992இல் வந்த திருத்தம் 'ராணுவ பாணி' என்று ஒரு தனி வகையை உண்டாக்கியது: மடக்குக் கட்டை, பயனெட் கொக்கி, ஏழு தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசின். அந்த வகைக்கு மட்டும் சிறப்பு அனுமதி. சாதாரண உரிமம் வைத்திருப்பவர் ஏழு தோட்டா மேகசினோடு செமி ஆட்டோமேட்டிக் ரைபிள் வாங்கலாம். பெரிய மேகசினைத் தனியாக வாங்க உரிமமே தேவையில்லை. இரண்டையும் மாட்டுவது குற்றம், ஆனால் மாட்டுவதற்குச் சில விநாடி போதும். 1997இல் ஓய்வுபெற்ற நீதிபதி தாமஸ் தோர்ப் இந்த ஓட்டைகளைச் சுட்டிக்காட்டி, தடையும் பதிவேடும் வேண்டும் என்று அறிக்கை கொடுத்தார். அது அலமாரியில் தூங்கியது. 2019 மார்ச் 15 அன்று கிறைஸ்ட்சர்ச்சில் தொழுகைக்கு வந்திருந்த 51 பேரைக் கொன்றவன் அந்த ஓட்டை வழியாகத்தான் வந்தான்.

ஆறே நாளில் அப்போதைய பிரதமர் ஜெசிந்தா ஆர்டெர்ன் தடையை அறிவித்தார். ஏப்ரல் 10 அன்று நாடாளுமன்றத்தில் 119 பேர் ஆதரவு, ஒரே ஒருவர் எதிர்ப்பு. இந்த முறை கோடு தோற்றத்தில் விழவில்லை. செமி ஆட்டோமேட்டிக் என்றால் தடை. பத்துத் தோட்டாவுக்கு மேல் கொள்ளாத, முயல் சுடுகிற .22 போன்ற சில வகைகளுக்கு விலக்கு. ஊர் ஊராக முகாம் போட்டுத் துப்பாக்கிகளைப் பெற்றார்கள். புதிது போல இருந்தால் அடிப்படை விலையில் 95 சதவீதம், பயன்படுத்தியது என்றால் 70, மோசமான நிலை என்றால் 25. டிசம்பர் 20 வரை 56,000க்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் வந்தன. நாட்டில் மொத்தம் எவ்வளவு இருந்தன, எவ்வளவு வராமல் போயின என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ரைபிள் பதிவேட்டை 1983இலேயே கைவிட்டிருந்தார்கள். 2023இல்தான் மறுபடி தொடங்கினார்கள்.

தடை ஒன்றே போதும் என்றும் நினைக்காதீர்கள். பின்னர் விசாரித்த ராயல் கமிஷன், கொலையாளிக்கு 2017இல் உரிமம் கிடைத்த விதத்தையும் அலசியது. நெருங்கிய உறவினரை விசாரிக்க வேண்டிய இடத்தில், இணைய விளையாட்டில் பழகிய நண்பர் ஒருவரையும் அந்த நண்பரின் பெற்றோரில் ஒருவரையும் போலீஸ் சாட்சியாக ஏற்றுக்கொண்டது. அவனுடைய குடும்பத்தில் எவரையும் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

அமெரிக்கா இந்த வழியில் போகுமா? பாதை கரடுமுரடானது. 2008இல் ஹெல்லர் வழக்கில், மக்கள் பொதுவாக வைத்திருக்கும் ஆயுதங்களுக்கு அரசியல் சாசனப் பாதுகாப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2004இல் தடை போன பிறகு இந்த ரைபிள்கள் மளமளவென்று விற்றன. இன்று 2 கோடிக்கு மேல் இருக்கின்றன என்று துப்பாக்கித் தொழில்துறையே சொல்கிறது. அந்த எண்ணிக்கையே இப்போது தடைக்கு எதிரான வாதமாக நீதிமன்றத்தில் நிற்கிறது: இவ்வளவு பேர் வைத்திருப்பதை எப்படித் தடுப்பீர்கள்? தடையைப் புதுப்பிக்கத் தவறிய ஒரு வாக்கெடுப்பு ஒரு பொருளை அரசியல் சாசன உரிமையாக வளர்த்துவிட முடியும் என்பது எனக்கு ஏற்க முடியாததாக இருக்கிறது. 2025 ஜூனில் மேரிலாந்து மாநிலத் தடைக்கு எதிரான மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் எடுக்க மறுத்தது. ஆனால் ஓரிரு ஆண்டில் இந்தக் கேள்வியை எடுத்தாக வேண்டும் என்று நீதிபதி கவனா எழுதி வைத்தார்.

சிகாகோவுக்கு வடக்கே ஹைலண்ட் பார்க் என்று ஒரு சிறு நகரம். 2013இலேயே இந்த ரைபிள்களையும் பெரிய மேகசின்களையும் நகர எல்லைக்குள் தடை செய்தது. வழக்கு போட்டார்கள். நகரம் 2015இல் ஜெயித்தது, உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை. ஆனால் மாநிலத்தில் மற்ற இடங்களில் விற்பனை சட்டப்படி நடந்துகொண்டிருந்தது. 2022 ஜூலை 4, சுதந்திர தின ஊர்வலத்தில் ஒரு கூரையிலிருந்து 83 குண்டுகள் பாய்ந்தன. முப்பது தோட்டா மேகசின்கள் மூன்று. ஏழு பேர் இறந்தார்கள். ரைபிள் இலினாயிலேயே சட்டப்படி வாங்கியது. 2023 ஜனவரி 10 அன்று இலினாய் மாநிலம் முழுவதற்கும் தடை வந்தது. புதிய விற்பனை நின்றது, ரைபிளுக்கு மேகசின் பத்துத் தோட்டாதான் என்றானது. அதற்கு முன்பு வாங்கியவர்கள் போலீஸில் பதிந்துவிட்டு வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். திரும்ப வாங்குவதற்கு அந்தச் சட்டத்தில் ஒரு டாலரும் ஒதுக்கப்படவில்லை.